பிரிக்கக்கூடிய பசை

திங்கட்கிழமை காலை, அறுநூற்று நாற்பதாவது தாள் ஓடிக்கொண்டிருந்தபோது, அச்சுப் பிளேட் கட்டையை விட்டுக் கழன்று மெஷினுக்குள் விழுந்தது. சுமித்திரா மெஷினை நிறுத்திவிட்டுக் கையை விட்டு அதை எடுத்தாள். அச்சிடல் சபை வாங்கித் தந்த, பேணியில் அடைத்த பசை தகரக் கூரையின் வெக்கையில் இளகி, பனங்கட்டிப் பாகு மாதிரி நூல் நூலாக இழுபட்டது. அடித்து முடிந்த தாள்களை எடுத்துப் பார்த்தாள். நூறாவது தாளிலிருந்தே பிளேட் சறுக்கத் தொடங்கியிருந்தது. சபையின் சின்னம் ஒவ்வொரு தாளிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, கடைசித் தாளில் குப்புறப் படுத்திருந்தது.

கிளிநொச்சியில், ஏ-நைன் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிரவல் ஒழுங்கையில் இருந்தது மாவட்ட ஆவண அச்சிடல் அதிகார சபை. அங்கே உத்தியோகத்தர்கள் பத்தொன்பது பேர் இருந்தார்கள். அச்சடிக்கிற ஆள் ஒன்று. அது சுமித்திரா.

இருபத்து நாலு நாளில் காணி நடமாடும் சேவை வரவிருந்தது. காணிக் கந்தோர் உத்தியோகத்தர்கள் ஒரேயொரு நாள் பொது மண்டபத்தில் வந்திருந்து, அனுமதிப்பத்திரம் இல்லாதவர்களின் விண்ணப்பங்களை ஏற்பார்கள். விண்ணப்பம் சபை அடித்த படிவத்தில்தான் இருக்க வேண்டும். விரலால் தடவினால் சின்னத்தின் பள்ளம் தட்டுப்பட வேண்டும், இலக்கம் அடித்திருக்க வேண்டும், போட்டோக் கொப்பி செல்லாது. கள்ளப் படிவம் வராமலிருக்க இந்த ஏற்பாடு. இரண்டாயிரம் படிவம் தேவை.

அந்தப் படிவங்களில் ஒன்று சுமித்திராவின் அப்பா ஆண்டியப்பனுக்கும் வேண்டும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு ஒரு பெட்டியோடு ஓடிவந்து, அக்கராயன் பக்கம் காடு வெட்டி, கிணறு தோண்டி, போருக்குள் நாலு தரம் இடம்பெயர்ந்து, நாலு தரமும் அதே நிலத்துக்குத் திரும்பியவர். நாற்பத்தெட்டு வருடத்தில் அந்த நிலம் அவருடையது என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசி கிடைக்கவில்லை.

பிளேட்டைப் பிடித்து நிறுத்தப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. எழுத்துகள் துருத்திக்கொண்டு நிற்கும் பிளாஸ்டிக் தகடு அது. அலுமினியக் கட்டையில் ஒட்டித்தான் அடிக்க வேண்டும். பஞ்சு வைத்த டேப் அமுங்கி எழுத்தை மங்கவைக்கும். தண்ணீர்ப் பசை, மை கழுவுகிற மண்ணெண்ணெய் பட்டதும் விட்டுவிடும். கல்லாக இறுகுகிற பசையில் ஒட்டினால் பிறகு பிளேட்டைக் கழற்ற முடியாது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற மெல்லிய டேப், கட்டைப் பக்கம் இறுக்கமாகவும் பிளேட் பக்கம் சற்று இளக்கமாகவும் பிடிக்கிற வகை, அதுதான் சரி. பன்னிரண்டு வருடம் மெஷினோடு நின்றவளுக்கு இது தெரியும். சந்தைக்கு முன்னாலுள்ள புத்தகக் கடையில் அந்த டேப் வளையம் வளையமாகத் தொங்கியது.

அவள் பணிப்பாளர் தில்லைநாதனிடம் போனாள். ஆசனத்துக்குப் பின்னால் ஒரு துவாய் போட்டு, அதற்கு முன்னால் நிமிர்ந்து இருக்கிற மனிதர்.

"பிள்ளை, நீர் இதை ஒரு டேப் பிரச்சினையாப் பாக்கிறீர். நான் இதை ஒரு கொள்கைப் பிரச்சினையாப் பாக்கிறன்."

"சேர், கடையில இருக்கு. சைக்கிள்ல போய் வாங்கிக்கொண்டு வாறன்."

"அங்கதான் பிழை விடுறீர். ஒராள் சைக்கிள்ல போய் எடுக்கிற முடிவுக்கு ஆர் பொறுப்பு? அந்த ஆள்தான். ஒன்பது பேர் கூடியிருந்து எடுத்தா? ஒருத்தரும் பொறுப்பில்லை. அதுக்குப் பேர்தான் நிர்வாகம். முப்பத்தொரு வருச சேவையில நான் தனிய ஒரு முடிவும் எடுத்ததில்லை. என்ர பதிவுக் கோவையைப் பாத்தீரெண்டா ஒரு கீறல் இருக்காது."

அன்று பின்னேரமே பசைத் தெரிவுக் குழு நியமிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர், கலாசார உத்தியோகத்தர், சூழல் உத்தியோகத்தர், அனர்த்த முகாமைத்துவத்திலிருந்து ஒருவர், கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர், கொள்வனவு உத்தியோகத்தர் ரஜிதன், தலைவராகப் பணிப்பாளர். வாகனத்தில் இன்னும் இரண்டு இருக்கை வெறுமையாக இருந்தபடியால் மேலும் இருவர் சேர்க்கப்பட்டார்கள். சுமித்திராவைச் சேர்க்கவில்லை. பசையைப் பாவிக்கிற ஆளே பசையைத் தெரிந்தால் அது பக்கச்சார்பு என்று நியமனக் கடிதத்தின் மூன்றாம் பந்தி சொன்னது.

முதற் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் 'பசை' என்பதா 'ஒட்டுப்பொருள்' என்பதா என்ற விவாதத்தில் போனது. கலாசார உத்தியோகத்தர் வெளிநடப்புச் செய்து, தேநீர் வந்ததும் உள்நடப்புச் செய்தார். பிறகு விளக்கம் சொல்லச் சுமித்திராவை ஐந்து நிமிடம் கூப்பிட்டார்கள். கதிரை இல்லாததால் நின்றாள். ஆலோசகர் திரையில் ஒரு படத்தைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"பிளேட் ஒரு சமூகம். கட்டை இன்னொரு சமூகம். இடையில இருக்கிற இந்த மெல்லிய படலம் என்ன? நல்லிணக்கம்! நாங்கள் பசை வாங்கவில்லை, நண்பர்களே. நாங்கள் ஒரு நாட்டை ஒட்டுகிறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பணிப்பாளர் சுமித்திராவைப் பார்த்து, "நீர் என்ன சொல்லப் போறீர்?" என்றார்.

"சேர், வேலை முடியப் பிளேட்டைக் கழட்டி வைக்க வேணும். அடுத்த முறையும் அதைப் பாவிக்கிறது. அதால பிரிக்கக்கூடிய பசை வேணும்."

சூழல் உத்தியோகத்தர் யன்னலை மூடினார்.

"அந்தச் சொல்லை நீர் எங்க கேட்டனீர்?" என்றார் பணிப்பாளர் மெதுவாக.

"எந்தச் சொல் சேர்?"

"இப்ப சொன்னீரே. பி... அது."

கூட்டக் குறிப்பில் 'பயனாளி ஒருவர் பி என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு தன்மையைக் கோரினார். குழு அதனுடன் உடன்படவில்லை' என்று பதியப்பட்டது. பாதுகாப்புக்காக அதன் பிரதி ஒன்று மேலிடத்துக்குப் போனது. மேலிடம் பாதுகாப்புக்காக அதை இன்னோரிடத்துக்கு அனுப்பியது.

வியாழக்கிழமை சாதாரண உடுப்பில் இரண்டு பேர் அச்சகத்துக்கு வந்தார்கள். நல்ல மரியாதையானவர்கள். சப்பாத்தை வாசலில் கழற்றினார்கள்.

"நீங்க எதைப் பிரிக்கப் போறீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"பிளேட்டையும் கட்டையையும்."

"கட்டை இப்ப எங்க இருக்கு?"

"மெஷினுக்குள்ள."

"இதில உங்களோட வேற யார் சம்பந்தம்?"

"நானும் மெஷினும்தான்."

மற்றவர் மெஷினின் இலக்கத்தை எழுதிக்கொண்டார். வீட்டு முகவரியையும் எழுதிக்கொண்டார்.

அவர்கள் வெளிக்கிட்ட பிறகு சுமித்திரா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் அதே இருவர் வீட்டுப் படலைக்கு வந்து, சும்மா பார்த்துவிட்டுப் போனார்கள். ஆண்டியப்பன் அன்று சாப்பிடவில்லை. பழைய பெட்டியை எடுத்துத் துடைத்து, சாரம் இரண்டை மடித்து அதற்குள் வைத்தார்.

"எங்க அப்பா போகப் போறியள்?"

"எங்கயும் இல்ல புள்ள. வந்தாங்கன்னா தேடக்கூடாதுல்ல. எடுத்து வச்சிருக்கேன்."

ஒரு டேப்புக்காக அறுபத்தெட்டு வயது மனிதன் பெட்டி கட்டுகிறான். சனிக்கிழமை விடிந்ததும் சுமித்திரா புத்தகக் கடைக்குப் போனாள். டேப் வாங்கினாள். கட்டையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உலரவிட்டு, டேப்பைக் காற்றுக் குமிழ் இல்லாமல் நீவி ஒட்டி, பிளேட்டை மூலை பார்த்து இறக்கினாள். முதல் தாளில் சின்னம் ஒரு மயிரிழை சரிந்திருந்தது. பிளேட்டை மெல்லக் கிளப்பி, நேர்வைத்து, மறுபடி அழுத்தினாள். சனியும் ஞாயிறும் மெஷின் ஓடியது. இரண்டாயிரம் படிவம். ஒன்றிலும் சரிவில்லை.

திங்கள் காலை அவற்றைக் கட்டுக் கட்டாகப் பணிப்பாளரின் மேசையில் அடுக்கினாள். பாராட்டை எதிர்பார்த்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால், 'சரி, கொண்டுபோய்க் குடும்' என்று ஒரு வார்த்தையை எதிர்பார்த்தாள்.

பணிப்பாளர் கட்டுகளைத் தொடவில்லை. கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். "இது எந்தப் பசையில அடிச்சது?"

"டேப்பில சேர்."

"அங்கீகாரம்?"

"குழு இன்னும் முடிவெடுக்கேல்லையே சேர்."

"அப்ப இந்தப் படிவங்கள் இன்னும் அடிக்கப்படேல்லை."

அவள் கட்டுகளைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இருவருக்கும் நடுவில் இன்னும் அடிக்கப்படாத இரண்டாயிரம் படிவங்கள் இருந்தன.

ரஜிதன்தான் அவற்றைத் தூக்கிக்கொண்டு போனான். கெட்டவன் இல்லை. வழியில் ஒரு படிவத்தை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த சுமித்திராவிடம் சொன்னான். "அக்கா, நல்லா அடிச்சிருக்கிறியள். அதுதான் பிரச்சினை. பிழையா அடிச்சிருந்தா குப்பையில போட்டிட்டுப் பேசாம இருக்கலாம். சரியா அடிச்சபடியா விசாரணை வைக்க வேணும்." கட்டுகளை அலுமாரிக்குள் வைத்து மூடினான். பூட்டு உடைந்திருந்ததால் கதவின் குறுக்கே 'தொடாதே' என்று எழுதிய கடதாசிப் பட்டி ஒன்றை ஒட்டினான். ஒட்டுவதற்குக் குழுவின் பரிசோதனைக்கு வந்திருந்த நாலாம் இலக்க மாதிரிப் பசையைப் பாவித்தான்.

பரிசோதனை வவுனியாவில், குளிரூட்டிய விடுதியொன்றில் இரண்டு நாள் நடந்தது. மெஷினை அங்கே கொண்டுபோக முடியாதபடியால் பதினொரு மாதிரிப் பசைகளையும் விடுதிச் சுவரிலும், கண்ணாடியிலும், மத்தியானச் சாப்பாட்டில் மிஞ்சிய அப்பளத்திலும் பூசிப் பார்த்தார்கள். நிறத்துக்குப் பதினைந்து புள்ளி. மணத்துக்குப் பத்து. மும்மொழியிலும் பெயர் எழுதியிருந்தால் இருபது. பிளேட்டைப் பிடிக்குமா என்பதற்கு ஐந்து வைத்திருந்தார்கள், நேரம் போதாமல் அதை விட்டுவிட்டார்கள். வெற்றிபெற்றது ஏழாம் மாதிரி, மீன்பிடி வள்ளத்தின் வெடிப்பை அடைக்கிற பசை. விவசாயப் போதனாசிரியரின் மூக்குக்கண்ணாடி விடுதி மேசையில் ஒட்டியது ஒட்டியதுதான், எட்டுப் பேர் இழுத்தும் வரவில்லை. 'பிரியாத் தன்மை: மிகச் சிறப்பு' என்று அறிக்கை எழுதினார்கள். மேசையை விடுதியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். சுமித்திராவின் டேப்புக்குப் பூச்சியம். 'குணம்: சந்தேகத்துக்குரியது.'

நடமாடும் சேவைக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தப் பசை பீப்பாயில் வந்தது. அங்குரார்ப்பண விழா வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி, மெஷினுக்கு மாலை போட்டார்கள். பணிப்பாளர் கையுறை மாட்டி, முதற் பசையைத் தானே பூச முன்வந்தார். பிளேட்டை இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் மொழுமொழுவெண்டு கிடக்கு. மற்றப் பக்கத்திலதான் பிடிக்க இடமிருக்கு."

"சேர், அது எழுத்துப் பக்கம்..."

"பிள்ளை, விழாவில குறுக்க கதைக்கக் கூடாது."

எழுத்துப் பக்கம் முழுக்கப் பசையைப் பூசி, பிளேட்டைக் கட்டையின் மேல் கவிழ்த்து, இரண்டு கையாலும் அமத்தினார். படம் எடுத்தார்கள். சுமித்திரா ஓடிப்போய் இழுத்தபோது அது இறுகிவிட்டிருந்தது. பிறகு மெஷினை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினாள். ஒவ்வொரு தாளிலும் ஒரு கறுப்புச் சதுரம் விழுந்தது. மூலை பிசகாத சதுரம்.

பணிப்பாளர் ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மை நல்லாப் பிடிக்குது," என்றார்.

புதுப் பிளேட் கொழும்பில் செய்து வர ஒரு கிழமை வேண்டும். நாலு நாள்தான் இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

சேவைக்கு முதல்நாள் பின்னேரம் ரஜிதன் ஒரு தாளைக் கொண்டுவந்தான். "அக்கா, எழுத்துப்பிழை பாத்துத் தாங்கோ." நாளைய நாளைப் பற்றிய அறிக்கை. இன்றே எழுதி, இன்றே கையெழுத்திட்டிருந்தது. 'நடமாடும் சேவையில் விண்ணப்பம் எதுவும் கிடைக்கவில்லை. இதிலிருந்து மாவட்டத்தில் காணிப் பிரச்சினை முற்றாகத் தீர்ந்துவிட்டமை தெளிவாகின்றது.'

சுமித்திரா இரண்டு தரம் வாசித்தாள். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. தாளை மடித்துக் கொடுத்துவிட்டு அலுமாரியிடம் போனாள். நாலாம் இலக்கப் பசை வெக்கைக்கு விட்டுப்போய், 'தொடாதே' பட்டி ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு தானாகவே ஒரு சாண் திறந்திருந்தது. அவள் எதையும் உடைக்கவில்லை. கட்டுகளை எடுத்து ஓட்டோவில் ஏற்றினாள்.

காலையில் மண்டபத்துக்கு வெளியே சனம் வீதிவரைக்கும் நின்றது. அக்கராயனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள், புதுமுறிப்பிலிருந்து சைக்கிளில் வந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள். சுமித்திரா வாசலில் நின்று படிவங்களைக் கொடுத்தாள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தாள். காணிக் கந்தோர் மேசையில் ஜெயரூபி என்ற இளம் உத்தியோகத்தர் இருந்தார். முதற் படிவத்தை வாங்கி, சின்னத்தை விரலால் தடவி, "வடிவான அச்சு," என்று சொல்லி முத்திரை குத்தினார். அந்தப் பிள்ளைக்குப் பசையைப் பற்றி எதுவும் தெரியாது.

ஆண்டியப்பனும் வந்திருந்தார். மகள் அவரை முன்னுக்கு விடப் பார்த்தாள்.

"வேணாம் புள்ள. கைப்புள்ளக்காரிக நிக்கிறாங்க. இவ்வளவு காலம் நின்டவனுக்கு இன்னைக்கு என்னா அவசரம்?"

பதினொன்றரைக்குச் சபை வாகனம் வந்து நின்றது. அப்போது நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தது. ஆண்டியப்பனுக்கு முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். பணிப்பாளர் மேசைக்கு நேரே போய், "நிப்பாட்டுங்கோ," என்றார். "இந்தப் படிவங்கள் அங்கீகாரமில்லாத பசையில அடிச்சது. இதுவரை எடுத்ததுகளும் செல்லாது."

ஜெயரூபி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில பசை ஒண்டும் இல்லையே சேர்?"

வரிசைக்குள் ஒரு இரைச்சல் எழும்பியது. முதலில் ஒரு கிழவி, பிறகு எல்லோரும். அந்த இரைச்சலுக்குள் பணிப்பாளரின் தொலைபேசி அடித்தது. பின்னேர விழாவுக்குக் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த மேலிடத்துப் பெரியவர். பாதிப் பகலுக்குள் நானூறுக்கு மேல் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சபையை வாழ்த்தினார். பின்னேரம் மேடையில் அந்தத் தொகையைச் சொல்லப்போவதாகவும் சொன்னார். பணிப்பாளர் நிமிர்ந்து நின்று, "ஓம் சேர், ஓம் சேர், எங்கட குழுவின்ர முயற்சி சேர்," என்றார். பிறகு சுமித்திராவைக் கூட்டிக்கொண்டு பின்னாலிருந்த சின்ன அறைக்குள் போனார்.

அவர் முகத்தில் இப்போது ஒரு தகப்பனின் பரிவு இருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் தானே எழுதினார். 'மேற்படி படிவங்கள் யாவும் குழு அங்கீகரித்த ஏழாம் இலக்கப் பசையைக் கொண்டே அச்சிடப்பட்டன என உறுதிப்படுத்துகிறேன்.'

"இதில கையெழுத்தை வையும். நீர் வச்சா அந்த நானூற்றுப் பன்னிரண்டும் செல்லும். வைக்காட்டி ஒண்டும் செல்லாது, உமக்கு வேலையும் இல்லை. அந்தச் சனத்தை யோசியும், பிள்ளை. நான் சனத்துக்காகத்தான் சொல்லுறன்."

சுமித்திரா பேனையை எடுத்தாள். பொய் எழுத்து. அந்த வள்ளப் பசைக்கு விருது கிடைக்கும், ஆலோசகர் அதற்கும் ஒரு படம் போடுவார். பேனை முனை தாளில் முட்டிய இடத்தில் ஒரு மைப்பொட்டு விழுந்தது. யன்னலுக்கு வெளியே அப்பா வெயிலில் நின்றார். படிவத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"வெளியில நிக்கிற மிச்ச ஆக்களின்ரயும் எடுக்கச் சொல்லுங்கோ சேர். பிறகு வைக்கிறன்."

"அது தனி விசயம். அதுக்குக் குழு கூட வேணும். ஒன்பது பேரும்..."

அவள் பேனையை மேசையில் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பணிப்பாளர் அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். வீதியில் புழுதி கிளம்பியது, பெரியவரின் வாகனமாக இருக்கலாம். அவர் கதவைத் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ஜெயரூபி, எல்லாத்தையும் எடுங்கோ."

அவ்வளவுதான். குழு கூடவில்லை. கூட்டக் குறிப்பு எழுதவில்லை. ஒருவரும் ஒன்றையும் வழிமொழியவில்லை. வெளியே முத்திரை குத்தும் சத்தம் மறுபடி தொடங்கியது.

சுமித்திரா கையெழுத்து வைத்தாள். இருபத்து நாலு நாளும் இந்த மனிதர்களுக்கு ஏலாது, செய்ய வழியில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஏலாதவர்களோடு கோபித்து என்ன செய்வது என்று பொறுத்திருந்தாள். பெட்டி கட்டிய அப்பாவைப் பார்த்தபோதுகூட, பாவம், இவர்களுக்கும் மேலே யாரோ, அவர்களுக்கும் மேலே யாரோ என்றுதான் எண்ணியிருந்தாள். இப்போது பார்த்துவிட்டாள். மூன்று சொல். கதவுக்கு வெளியே ஒரு தலை. அப்பாவின் நாற்பத்தெட்டு வருடமும் இப்படி யாரோ ஒருவருடைய வாய்க்குள் மூன்று சொல்லாகத்தான் கிடந்திருக்குமோ என்று நினைத்தபடியே தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

பணிப்பாளர் தாளை ஊதி உலர்த்தி, சட்டைப் பைக்குள் வைத்தார். திருப்தியாகச் சிரித்தார்.

"பாத்தீரே பிள்ளை? தேவையெண்டு வந்தா நிர்வாகம் எவ்வளவு கெதியா வேலை செய்யுமெண்டு."

"ஓம் சேர்," என்றாள் சுமித்திரா. "இண்டைக்குத்தான் பாத்தனான். நானும் பாத்தனான், வெளியில நிக்கிற சனமும் பாத்தது. இனி எங்களிட்ட, உங்களுக்கு ஏலாதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

சிரிப்பு அவர் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, அதை எங்கே வைப்பதென்று தெரியாதது போல. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.